தலையணை உறை கட்டிய கம்பம்

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைநகரிலிருந்து மூன்று பெட்டி வந்தது. மாவட்டச் சாலை அலுவலகமே கூடி நின்று பிரித்தோம். மூன்றிலும் பதாகைகள். "சாலைப் பாதுகாப்பு ஆண்டு — ஒவ்வோர் உயிரும் அரசின் செல்வம்."

நான் கேட்டது போக்குவரத்து விளக்கு. பதினொரு மாதத்தில் எட்டுக் கடிதம். கடைசிக் கடிதத்தில் படமே வரைந்து அனுப்பினேன், மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை என்று. அமைச்சகத்தில் ஒருவேளை யாரும் பார்த்ததில்லையோ என்னவோ.

மெலிஸ் அண்ணனுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். மாவட்டத் துணைத் தலைவர் அல்லவா, பதாகை என்றால் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். "நல்லா உயரத்துல கட்டும்மா புருல். தூரத்துலேருந்தே பாதுகாப்பு தெரியணும்" என்றார்.

பள்ளி திறக்க இன்னும் நான்கு வாரம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வீடுகள், இந்தப் பக்கம் பள்ளி. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் குறுக்கே நடக்க வேண்டும். அதில் ஒன்று என் செசிம், இரண்டாம் வகுப்பு. கடந்து முடிக்க அவளுக்குப் பதினான்கு நொடி. மேட்டிலிருந்து இறங்கும் லாரி ஆறே நொடியில் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எட்டுக் கடிதத்திலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 7

புது உத்தரவு: பயணிகள் வேன் ஓட்டுநர்கள் எல்லோரும் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் எர்மெக் தலைநகருக்கு வேன் ஓட்டுபவர், அவரும் போனார். இரண்டு மணி நேர வகுப்பு. நாற்பது நிமிடத்தில் வீட்டில் இருந்தார்.

"என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"மெதுவா ஓட்டணுமாம்."

"இவ்ளோ சீக்கிரம் எப்படி வந்தீங்க?"

"வேகமா ஓட்டினேன்."

சான்றிதழை வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். சாலையில் பாதியை அது மறைக்கிறது.

ஆகஸ்ட் 13

கம்பம் வந்துவிட்டது! கம்பம் மட்டும். விளக்கு "வேறு பிரிவின் கீழ்" வருமாம். எப்போது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கடக்கும் இடத்தின் ஓரத்தில் குழி தோண்டி, கம்பத்தை நட்டோம். மிஞ்சிய மண்ணை அள்ளிப்போக லாரி இல்லை. அங்கேயே நீளவாக்கில் குவித்து, மழையில் கரையாதிருக்க ஆற்றுக் கல்லைச் சுற்றி அடுக்கினார்கள் பையன்கள்.

மண்வாரி ஓட்டியது ஜூமாதில். காலையிலிருந்து மாலை வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் செய்தார், பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுக்கேட்டு. "அம்மா எவ்ளோ ஆழம் சொல்றாங்க?" நானோ இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

அவர் மனைவி ஷாயிர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை. மே மாதம் இதே இடத்தில் ஒரு கார் அடித்து இறந்துபோனாள். விபத்துப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தில் "பாதசாரியின் கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னார்கள். சாலையின் குறை என்று எழுதினால் மாவட்டத்துக்குக் கெட்ட பெயராம். எழுதினேன். அடியில் என் கையெழுத்து.

ஷாயிருக்குக் கவனக்குறைவா? ஒரு பென்சிலைச் சீவக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவள்.

வேண்டாம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15

விதி 14: சாலையோரத் தடை எதுவாயினும் பளிச்சென்று தெரியும்படி அடையாளமிட வேண்டும். ஒளிரும் பட்டை கையிருப்பில் இல்லை. (ஒளிரும் பட்டை ஒட்டப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது.) வீட்டிலிருந்து பழைய வெள்ளைத் தலையணை உறையை எடுத்துப்போய், நீளமாகக் கிழித்துக் கம்பத்தில் கட்டினேன். காற்றில் நன்றாகப் படபடத்தது. அரசு செய்யாததை என் தலையணை செய்யட்டும்.

ஆகஸ்ட் 19

கம்பத்தில் இன்னொரு துணி. நீலம். யாரோ பொறுப்புள்ள குடிமகன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒன்பது துணி. இத்தனை பொறுப்புள்ள குடிமக்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. எனக்குத் தெரியும்.

சந்தேகப்பட்டுப் போய் நின்றேன். தர்பூசணி ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டியது. ஓட்டுநர் இறங்கி மண்மேட்டின் முன் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி ஏதோ ஓதினார். இரு கையையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். தெற்கத்தி ஆள்.

"அக்கா, இங்க அடங்கியிருக்கிறவர் யாரு?"

"யாரும் இல்ல தம்பி. குழி தோண்டின மண்ணு."

"எல்லாருமே மண்ணுதானேக்கா" என்று நெகிழ்ந்துபோய்ச் சொல்லிவிட்டு, கல்மேல் ஒரு தர்பூசணி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீளவாக்கில் மண்மேடு. சுற்றிலும் கல். தலைமாட்டில் உயரமான கம்பு, அதில் வெள்ளைத் துணி. அடியேய் புருல்! ஐந்து வருஷம் பொறியியல் படித்துவிட்டு, விதி 14-ன்படி, பட்டப்பகலில், ஒரு மகானுக்குச் சமாதி கட்டியிருக்கிறாய்.

தர்பூசணி இனிப்பாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25

காவலரிடமிருந்து வேகம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, இரண்டு மணி நேரம் புதருக்குள் உட்கார்ந்தேன். ஜூனில் சராசரி வேகம் எண்பத்து மூன்று. இன்று நாற்பத்தொன்று. கருவி கெட்டுவிட்டதோ என்று ஒரு மாட்டை அளந்து பார்த்தேன். நான்கு. கருவி சரிதான்.

நடப்பது இதுதான். மேட்டிலிருந்து பறந்து வருகிறான். துணியைப் பார்க்கிறான். பாட்டை நிறுத்துகிறான். வேகத்தைக் குறைக்கிறான். பிறகு — ஐயோ — ஸ்டியரிங்கிலிருந்து இரு கையையும் எடுத்து முகத்தைத் தடவி "ஓமின்" என்று வேண்டுதலை முடிக்கிறான். பக்கத்தில் இருப்பவனும் தடவுகிறான். பின்னால் இருக்கிற குடும்பமே தடவுகிறது. அந்த இரண்டு நொடி வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? இதற்கு விதிப்புத்தகத்தில் எண் கிடையாது.

ஆனால் நாற்பத்தொன்று!

ஆகஸ்ட் 27

எர்மெக்கும் தடவுகிறார். இன்று அவர் வேனில் நான் முன் இருக்கையில் வந்தேன், கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் கேட்டேன். "ஏங்க, அது என் தலையணை உறைன்னு உங்களுக்குத் தெரியாதா? பத்து வருஷம் அதுல படுத்து எச்சில் வடிச்சவர் நீங்கதானே?"

"தெரியும்டி."

"அப்புறம் எதுக்கு?"

"பின்னாடி பதினாறு பேர் கையத் தூக்குறான். டிரைவர் தூக்கலன்னா என்ன நினைப்பான்? நாளைக்கு எவன் ஏறுவான் என் வண்டில?"

தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு தானாகவே, "கையத் தூக்கணும்னா வேகத்தக் குறைச்சுத்தான் ஆகணும். இல்லன்னா வேன் பள்ளத்துல" என்றார். இதைத்தான் அரசாங்கம் இரண்டு மணி நேர வகுப்பில் சொல்லப் பார்த்தது.

ஆகஸ்ட் 29

மனசாட்சி உறுத்தியது. ஜோலோன் மோல்தோவிடம் போனேன். எங்கள் பள்ளிவாசலில் தொழவைப்பவர். உண்மை முழுவதையும் சொன்னேன், விதி எண் உட்பட.

தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "உள்ள ஆள் இல்ல. உறுதியா?"

"கான்கிரீட்தான் இருக்கு மோல்தோ."

"அப்ப அதை மகான்னு நான் சொல்ல முடியாதும்மா. பாவம்."

"மகான் இல்லன்னு சொல்லிடுங்களேன், தொழுகை முடிஞ்சதும்."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் அவர் பிள்ளைகள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தன. மூன்றும் பள்ளிக்குப் போகிறவை.

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலியே" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஏழே முக்கால். வெள்ளை ரிப்பனும், முதல் நாள் ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பூங்கொத்துமாகப் பிள்ளைகள் சாலையோரம் குவிந்து நின்றன. செசிமின் கையை நான் பிடித்திருந்தேன், எலும்பு வலிக்கும்படி. "அம்மா, விடும்மா" என்றாள்.

மேட்டிலிருந்து நிலக்கரி லாரி ஒன்று இறங்கியது. ஆறு நொடி, ஐந்து, நான்கு என்று எண்ணினேன். லாரி மெல்ல மெல்ல அடங்கி, பாட்டு நின்று, நடைவேகத்துக்கு வந்து, கடைசியில் நின்றேவிட்டது. ஓட்டுநர் கையேந்தி ஓதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு வண்டி. எதிர்ப் பக்கம் எட்டு. நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் பூவோடு கடந்து போனார்கள்.

செசிம் நடுச்சாலையில் நின்று லாரிக்காரருக்குக் கையாட்டினாள். அவர் அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல், கையில் வேகம் அளக்கும் கருவியோடு.

ஷாயிரும் இன்றைக்கு நடந்து போயிருக்க வேண்டும்.

செப்டம்பர் 18

மகானுக்கு வரலாறு கிடைத்துவிட்டது. வெள்ளை ஒட்டகத்தில் வந்தாராம், பயணிகளைக் காத்தாராம். முதுகுவலிக்கும் நல்லவராம். வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்ப் பலகாரம் சுட்டு எடுத்து வருகிறார்கள். குதிரைப்பால் விற்கும் இரண்டு பெண்கள் கடையை இங்கே மாற்றிக்கொண்டார்கள்.

மெலிஸ் அண்ணன் மாலையில் காரை மறைவாக நிறுத்திவிட்டு இறங்கினார். மகன் சட்டக் கல்லூரிப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். புதருக்குள் நான் இருப்பதை அவர் பார்க்கவில்லை. அவருடைய வேகம்: முப்பத்தெட்டு.

அக்டோபர் 9

காலாண்டு அறிக்கை. விபத்து: பூச்சியம். காயம்: பூச்சியம். "முன்னேற்றத்துக்குக் காரணம்" என்ற கட்டத்தில் நான்கே வாய்ப்பு — பலகை, விளக்கு, கண்காணிப்புக் கேமரா, பிற.

"பிற."

அக்டோபர் 30

நினைத்தபடியே ஆயிற்று. பூச்சியத்தைப் பார்த்து அமைச்சகம் மிரண்டுவிட்டது. நாட்டிலேயே வேறெங்கும் பூச்சியம் இல்லையாம். ஆறாம் தேதி ஆய்வுக்குழு வருகிறது.

மெலிஸ் அண்ணன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "புருல், அந்த மேட்டை எடுத்துடணும். சாலை எல்லைக்குள்ள அனுமதியில்லாத சமயக் கட்டடம்னு எழுதிட்டான்னா, என் நாற்காலி போச்சு. உன்னோடதும்தான்."

"எடுத்துட்டா வண்டி நிக்காதுண்ணே."

"பதாகை இருக்குல்ல?"

"அண்ணே, நீங்களே அங்க வந்து..."

"நான் எங்கயும் வரல." முகம் சிவந்துவிட்டது. "அகற்றும் உத்தரவு. போடு கையெழுத்த."

போட்டேன்.

எழுத்து அழகாக விழுந்திருக்கிறது, சனியன். மே மாதமும் இப்படித்தான். அந்த வேலைக்குத்தான் என் கை லாயக்கு போல.

சாப்பிடவில்லை. செசிம் வந்து "அம்மா, வயிறு வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 3

எழுதி வைக்கவேண்டும், ஒன்று விடாமல்.

ஒன்பது மணிக்கு மண்வாரி வந்தது. ஓட்டுபவர் ஜூமாதில். வேறு யாரை அனுப்புவார்கள், இருப்பது அவர் ஒருவர்தான். ஊர் கூடிவிட்டது. குதிரைப்பால் பெண்கள் மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து, "எங்களையும் சேத்து அள்ளு!" என்று கத்தினார்கள். மோல்தோ ஓரத்தில் நின்றார், யாரும் தன்னிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு.

ஜூமாதில் வண்டியை மேட்டருகே கொண்டுவந்தார். வாளியைத் தூக்கினார். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். என்ஜின் உறுமுகிறது. கரும்புகை வருகிறது. வாளி ஆகாயத்தில்.

மெலிஸ் அண்ணன் கத்தினார். "என்னய்யா? அள்ளு!"

"வண்டி கெட்டுப்போச்சு."

"ஓடிக்கிட்டிருக்கேய்யா!"

"சத்தம் மட்டும்தான்ணே வருது."

யாரோ சிரித்தார்கள். மெலிஸ் அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்னய முட்டாள்னு நினைச்சியா? வாளி மேல நிக்குதே, அது எப்படி?"

"மேல போச்சு. கீழ வரல." ஜூமாதில் நிதானமாகத்தான் சொன்னார். பிறகு குரலை இறக்கினார், என்ஜின் சத்தத்தில் முன்னால் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது. "இதுல ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதாண்ணே? இந்தக் குழிய நான்தான் தோண்டினேன். என் பொண்டாட்டிய அங்க இடுகாட்டுல புதைச்சதும் நான்தான். அவ போன அன்னைக்கு இங்க ஒரு பய நிக்கல. இப்ப எல்லாரும் நிக்கிறான். இத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

மெலிஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார், வேறு யாரிடமோ சொல்வது போல. பிறகு என் பக்கம் திரும்பினார். "புருல், நீதான் இன்ஜினியர். ஏறிப் பாரு. கெட்டுப்போச்சா, இல்லையா? எழுத்துல குடு."

ஏறினேன். அந்தச் சின்ன அறைக்குள் அவர் பக்கத்தில் நெருக்கியடித்து நின்றேன். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வாளியை இறக்கும் பிடியைத் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. வாளி ஒரு சாண் இறங்கியது. குதிரைப்பால் பெண்கள் அலறினார்கள். சட்டென்று மேலே ஏற்றிவிட்டேன்.

இறங்கி, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினேன்: "எண்ணெய் அழுத்தக் கோளாறு. உதிரிபாகம் தலைநகரிலிருந்து வரவேண்டும்." தலைநகரிலிருந்து என்றால் எத்தனை வருஷம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அடியில் கையெழுத்து. கோணல்மாணலாக விழுந்தது.

மெலிஸ் அண்ணன் படித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கோளாறுன்னா கோளாறுதான்" என்றார். கெட்டுப்போன வண்டியை ஜூமாதில் ஓட்டிக்கொண்டு பணிமனைக்குப் போனார்.

நவம்பர் 4

பணிமனை வாசலில் ஜூமாதில் எனக்கு சலாம் சொன்னார். அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

நவம்பர் 6

ஆய்வுக்குழு. கறுப்புக் கார், இறக்குமதி. மேட்டிலிருந்து இறங்கியது. துணி தெரிந்ததும் வேகம் குறைந்தது. பாட்டு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஆறு கை ஏந்தின. தலைவர் இறங்கியதும், "இங்க ஏதோ சமயக் கட்டடம்னு புகார்..." என்று ஆரம்பித்துவிட்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

சாப்பாடு முடிந்து அறிக்கை எழுதினார்கள்: "வேகம் குறைக்கும் மேடு. இயற்கைப் பொருளால் ஆனது. சிறந்த முன்முயற்சி."

மெலிஸ் அண்ணனுக்குப் பாராட்டுக் கடிதம்.

டிசம்பர் 11

விளக்கு வந்துவிட்டது!! அந்தக் கம்பத்தில் மாட்டக் கூடாது என்று ஊரே மறித்ததால், எதிர்ப்பக்கம் புதுக் கம்பம் நட்டு மாட்டினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை. நான் வரைந்தது போலவே இருக்கிறது. இந்தத் தடவை மிஞ்சிய மண்ணை, ஒரு பிடி விடாமல், லாரி வைத்து அள்ளிவிட்டேன்.

டிசம்பர் 13

மின்வெட்டு. இனி குளிர்காலம் முழுக்கத் தினமும் ஆறு மணி நேரமாம். விளக்கு இருட்டாக நிற்கிறது. தலையில் பனி.

வண்டிகள் நின்று போகின்றன. கம்பத்தில் என் உறை இன்னும் இருக்கிறது, நூற்றுக்கணக்கான துணிகளுக்கு அடியில்.

மார்ச் 12

பக்கத்து மாவட்டத்திலிருந்து தொலைபேசி. அங்கே என் வேலையைப் பார்க்கும் பெண், பெயர் கிம்பாத். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அமைச்சகம் எங்கள் "முன்முயற்சி"யைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறதாம்.

"அக்கா, எங்க ஊர் வளைவுல போன வாரம் ரெண்டு பேர் அடிபட்டுச் செத்துட்டாங்க. ஒண்ணு பள்ளிக்கூடத்துப் பிள்ள. நாங்களும் மேடு போட்டோம், கம்பு நட்டோம், துணியும் கட்டினோம். ஆனா ஊர்க்காரங்க கண்ணு முன்னாடி போட்டதுல, ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க மேட்டுலேருந்து ஒரு மூட்டை மண்ணு அனுப்புவீங்களாக்கா? அங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னா நம்புவாங்க."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எத்தனை கடிதம் எழுதினாய் என்று கேட்டேன். பதினொன்று என்றாள். நான் எட்டுத்தான்.

மார்ச் 14, சனி

எர்மெக் நாளைக் காலை அந்தப் பக்கம் வேன் ஓட்டுகிறார். மூட்டையை ஏற்றிவிடச் சொன்னார்.

மண் என்றால் மண்தான், பொறியாளருக்குத் தெரியாதா? வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியில் அள்ளி முக்கால் மூட்டை கட்டிவிட்டேன். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது.

கட்டிய மூட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு திரும்பப் பாத்தியிலேயே கொட்டினேன். வெறும் சாக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்தேன். பனி உருகி மேடு மெத்தென்று இருந்தது. ஜூமாதில் அங்கே கல்லை நேராக்கிக்கொண்டிருந்தார், சனிக்கிழமைதோறும் வருவாராம். எதற்கு மண் என்று சொன்னேன். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டேன். அள்ளிய பிறகு அல்ல, அள்ளுவதற்கு முன்.